மாரா காட்டுக்கு வண்டி தேர்ந்த துணைக்குழு

விமான நிலையத்திலிருந்து காட்டுக்கு எந்த வண்டியில் போவது என்ற கேள்விக்கு மனித இனம் இதுவரை சரியான பதிலைக் கண்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒருவர் முன்வந்தார். அவர் டக்ளஸ், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்.

அவரும் நண்பர்களுமாக நான்கு தம்பதிகள் செப்டம்பரில் கென்யா போய்ச் சிங்கம் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. நைரோபியில் இறங்கி, மசாய் மாரா சரணாலயத்துக்கு ஜீப்பில் போவதா, வேனிலா, சின்ன விமானத்திலா? அதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று பயண நிறுவனத்துப் பெண் போனில் சொன்னாள். டக்ளஸ் ஏமாறவில்லை. 'தரைவழிப் போக்குவரத்துத் துணைக்குழு' ஒன்றை நிறுவினார். அதன் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். அந்த ஒரு மனம் அவருடையது.

மாராவுக்குப் போவதில் மாறாத உறுதியோடு துணைக்குழு வாராவாரம் கூடியது. உறுப்பினர்களான மூன்று நண்பர்களில் டென்னிஸ் என்பவர், ரயிலில் போகலாம் என்றார். அந்த ரயில் கடற்கரைப் பக்கம் போகிறது, காட்டுப் பக்கம் போவதில்லை என்று கண்டுபிடிக்க மூன்று கூட்டங்கள் பிடித்தன. ஜீப்பில் முழங்கால் இடிக்குமே என்ற பேச்சு வந்தபோது, "நம்ம தாத்தாங்க கேஜ் லிஃப்ட்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்குனாங்களே, முழங்கால் இடிக்குதுன்னு கேட்டாங்களா?" என்றார் மனோகர். அது 'உணர்ச்சிவசப்பட்ட கருத்து' என்று குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது. எல்வின் எப்போதும் தலையாட்டினார். அது 'நீண்ட விவாதம்' என்று பதிவானது.

ஆறாவது கூட்டத்துக்கு முந்தின நாள் டக்ளஸின் மனைவி ஐடா அவர் எதிரே வந்து நின்றாள். வலக்கண்ணில் புரை. மறுநாள் கோலார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இரண்டு மாதம் முன்பே தேதி சொல்லியிருந்தாள்.

"ஏங்க, நாளைக்கு கார்ல இட்டுனு போறீங்களா?"

"நாளைக்கு காரை வெச்சுத்தான் கூட்டமே. பஸ்சு இருக்குதே, பங்காருபேட்டைல எறங்கி மாறிக்கலாம்."

பக்கத்து வீட்டு ரத்தினம்மா கூட வருவதாகச் சொன்னாள். காலை ஆறு மணி பஸ்சில் இருவரும் போனார்கள்.

பத்து மணிக்கு மற்ற மூவரும் வந்தார்கள். தலைவர் காரின் உறையைக் கழற்றினார். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஆறு மணி நேரம் ஆகும். எனவே ஆறு மணி நேரம் முழங்கால் தாங்குமா என்பதைச் சோதிக்க நால்வரும் ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டார்கள். கார் வாசலை விட்டு ஒரு அடி நகரவில்லை. நகர்ந்தால் ஆய்வின் துல்லியம் கெடும் என்று டக்ளஸ் விளக்கினார். எல்வின் தலையாட்டினார். பகல் ஒரு மணிக்கு அதிலேயே பிரியாணி சாப்பிட்டார்கள்.

மூன்றரைக்குத் தக்காளி ஏற்றும் டெம்போ வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணில் கட்டோடு ஐடா உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்சில் நிற்கவும் இடமில்லாததால், கோலாரில் அந்த வண்டிக்காரரைக் கெஞ்சி ஏறிக்கொண்டதாக ரத்தினம்மா சொன்னாள். ஐடாவை இடுப்பில் பிடித்து மெதுவாக இறக்கினாள்.

டக்ளஸ் கார்க் கண்ணாடியை இறக்கினார். நேரடி அனுபவம் உள்ள ஒருவர் கிடைப்பது அரிது.

"ஐடா, குலுக்கல் எப்டி? பத்துக்கு எவ்ளோ போடுவே?"

ஐடா மற்றக் கண்ணால் காருக்குள் பார்த்தாள். நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல கட்டு பிரிக்கணும். கூட யார்னா வண்டி வெச்சு இட்டுனு வரச் சொன்னாரு டாக்டரு. நாலு பேரு வண்டிலயே ஒக்காந்துனு இருக்கீங்க. யார் வரீங்க?"

டென்னிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனோகர் பிரியாணிப் பொட்டலத்தை மடித்தார். எல்வின் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தலையாட்டவில்லை.

"வாக்கா, நானே வரேன்," என்று ரத்தினம்மா அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

டக்ளஸ் தண்ணீர் குடித்தார். இன்னும் அரை மணி நேரம் பாக்கியிருந்தது. அதையும் உட்கார்ந்தே முடித்தார்கள்.

பிறகு குறிப்பேட்டைத் திறந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: "கோலார் குறித்து எழுப்பப்பட்ட கேள்வி துணைக்குழுவின் வரம்புக்கு அப்பாற்பட்டது. மாராவுக்கு ஜீப்பே ஏற்றது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இம்முடிவை எடுக்கையில், உடல்நலம் குன்றிய பெண்களின் வசதியே முதன்மையாகக் கருதப்பட்டது."