மஞ்சள் மூலையும் மூண்டு கொப்பி அண்ணையும்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் தமிழர் அத்தனை பேரும் ஒரே நாளில் காணாமல் போனாலும் கவலைப்படத் தேவையில்லை. மூண்டு கொப்பி அண்ணையின் பைலைத் திறந்தால் எல்லாரையும் திரும்ப உண்டாக்கிவிடலாம். பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, பல்லுப் பிடுங்கிய சீட்டு வரைக்கும் அதில் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நினைத்த நேரமெல்லாம் அவர் என்னிடம் ஏதாவது ஒரு பத்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நகரின் பழைய பகுதியான கால்சாவில் மூன்று பழைய மாளிகைகளின் படிக்கட்டுகளைக் கழுவித் துடைப்பது அண்ணையின் வேலை. அதில் ஒன்றின் நாலாம் மாடியில், ஓட்டுக்குக் கீழே, நான் ஓர் அறை எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கணினிப் பொறியியல் முதுகலை படிக்க வந்து இறங்கிய மூன்றாம் நாள். படியேறி வந்த என்னைத் தும்புத்தடியால் மறித்தார். ஊர் எது, ஆரின்ரை பிள்ளை என்ற வழக்கமான விசாரணை ஒன்றும் இல்லை.

"பிள்ளை, பெர்மெஸ்ஸோவுக்குக் குடுத்த பேப்பரெல்லாம் கொப்பி எடுத்தாச்சோ?"

"ஓம் அண்ணை, ஒண்டு எடுத்தனான்."

"ஒண்டோ?" என்றார். தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். படியிலேயே இருந்துவிட்டார். நான் யாரோ செத்துப்போன செய்தியைத்தான் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் நாங்கள் மூச்சுவிடலாம் என்று சொல்லும் அட்டை. அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று கொப்பி எடுக்கவேண்டும் என்பது அண்ணையின் சட்டம். "ஒண்டு கைரேகை வைக்கிற அண்டைக்கு. ஒண்டு வீட்டுக்கு. ஒண்டு அம்மாவுக்கு." அம்மா என்றால் பெல்லெக்ரினோ மலைக் குகையில் இருக்கும், பலெர்மோவின் காவல் புனிதையான ரோசாலியா அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் பாதிப் பேர் அந்த மலையில்தான் நிற்கும். மற்றவர்கள் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோவார்கள். அண்ணை கொப்பி கொண்டுபோவார். அதன் பின்பக்கத்தில் வேண்டுதலை ஒரு வரியில் எழுதி, அம்மாவின் சிலை இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கூடையில் போட்டுவிட்டு வருவார்.

ஒரிஜினலுக்கு மட்டும் நாலு மூலையிலும் மஞ்சள் பூசுவார். மங்கலத்துக்கு மங்கலம், அடையாளத்துக்கு அடையாளம். ஊரில் வீடு எரிந்தபோது அவரிடம் ஒரு துண்டுத் தாளும் மிஞ்சவில்லையாம். தான் பிறந்ததை நிரூபிக்க எட்டு வருடம் அலைந்தாராம். இதை ஒரேயொரு தடவைதான் சொன்னார், அதுவும் படி துடைத்துக்கொண்டு.

மற்றபடி அவரால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹெல்மெட் இல்லாமல் மோட்டோரீனோ ஸ்கூட்டர் ஓடியதற்காக ஒருமுறை பொலிஸ்காரர் அவரை மறித்து லைசென்ஸ் கேட்டார். அண்ணை மூன்று கொப்பியை நீட்டினார். "ஒரிஜினல் எங்கே?" என்று அவர் கேட்க, "அது றோட்டிலை கொண்டு திரியிற சாமானோ சிஞ்ஞோரே?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தால் தாய்ப்பாலுக்கு அடுத்தது கொப்பி மெசின்தான். பிஞ்சுக் கையைக் கண்ணாடியில் வைத்து மூன்று அடித்துவிடுவார். அட்டை கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கு என்னோடு துணைக்கு வந்தபோது, அவருடைய பைலின் பருமனைப் பார்த்து அவரை வழக்கறிஞர் என்று நினைத்து வங்காளிகள், கானாக்காரர்கள் எல்லாரும் அவர் பின்னால் ஒரு தனி வரிசை பிடித்தார்கள். அண்ணை ஒருவரையும் கைவிடவில்லை. மொழி தெரியாமலே பன்னிரண்டு பேரைக் கொப்பிக் கடைக்கு அனுப்பிவைத்தார்.

நான் படித்து முடித்தேன். எலுமிச்சம்பழத்தைக் கமெரா பார்த்து, இது நல்ல மஞ்சள், இது அழுகப்போகும் மஞ்சள் என்று பிரிக்கிற கணினி நிரல்தான் என் ஆய்வு. முப்பத்தேழு வகை மஞ்சளை என் நிரலுக்குத் தெரியும் என்று பேராசிரியர்களுக்கு முன்னால் பெருமையாகச் சொன்னேன். இந்தப் பெருமை எனக்கு எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்பு முடிந்தவர்களுக்கு வேலை தேடப் பன்னிரண்டு மாதம் தருவார்கள். அதற்குள் வேலை ஒப்பந்தம் கிடைத்து, அட்டையை வேலை அட்டையாக மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். முதல் நாலு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு காலையில் கண் விழித்ததும் அட்டையை எடுத்து, முடியும் தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வியாதி பிடித்தது. வட இத்தாலியிலிருந்து கம்பனிகள் நேர்முகத்துக்குக் கூப்பிடும். என் நிரலைப் புகழும். கடைசியில், "உங்கள் அனுமதி எதுவரைக்கும்?" என்று கேட்கும். அதற்குப் பிறகு கூப்பிடாது.

எங்களைப்போலப் படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கிழமைக்கு ஒருமுறை ஒரு கதை கிளம்பும். பொறியியல், கணினி படித்தவர்களுக்குக் காலத்தை நீட்டப்போகிறார்களாம். இன்னொரு வருடமாம். யாரோ ஒருத்தரின் சிநேகிதனின் சிநேகிதன் பார்த்தானாம். நான் நாலு மாடியும் இறங்கி ஓடிப்போய் அண்ணையிடம் கேட்பேன்.

"நீட்டினால் கடுதாசியிலை வரும். கடுதாசியிலை வந்தால் நான் கொப்பி எடுத்திருப்பன். நான் கொப்பி எடுக்கேல்லை எண்டால் நீட்டேல்லை. போய்ச் சாப்பிடு."

பன்னிரண்டாம் மாதக் கடைசியில், நகரின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோவில் பழம் தரம்பிரிக்கும் இயந்திரம் செய்கிற ஒரு சின்னப் பட்டறை என்னை எடுத்தது. ஒப்பந்தம் கைக்கு வந்தது வியாழக்கிழமை. அட்டை முடிவது சனிக்கிழமை. "சனிக்கிழமைக்குள் விண்ணப்பித்த ரசீதைக் காட்டு. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும்" என்று முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். நான் நேரே அண்ணையிடம் ஓடினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் இருந்து படிவத்தை நிரப்பினோம். முதற்பக்கத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தேன். அண்ணை நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, காயும்வரை ஊதினார். கொப்பிக் கடையில் புது மெசின் வந்திருந்தது.

"கலரிலை எடுங்கோ அண்ணை, வடிவா வரும்."

"கறுப்பு வெள்ளையிலை என்ன குறை?"

"இந்தக் காலத்திலை ஆர் அண்ணை கறுப்பு வெள்ளை?"

இதில் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் என்னுடையவை. மறுக்க முடியாது. கடைக்காரர் தந்த கட்டை அண்ணை என்னிடம் தந்து, "மஞ்சள் உள்ளதை உறைக்குள்ளை வை. மிச்சத்தை இஞ்சை தா" என்றார். மேலே இருந்த தாளில் மஞ்சள் மூலை இருந்தது. வைத்தேன். மிச்சத்தைக் கொடுத்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. குகை பூட்டமுதல் போய்ச்சேர வேண்டுமென்று அவர் அதில் ஒன்றை உருவி, மோட்டோரீனோ சீற்றில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டு மலைக்குப் பறந்தார்.

சனி காலை ஒன்பதரைக்கு, இந்த விண்ணப்பங்களை வாங்கும் தபாலகத்தில் எங்கள் முறை வந்தது. அண்ணையிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரிஜினலைக் கொடுக்குமுன் ஒருமுறை மோந்து பார்ப்பார். மோந்தார். திரும்பவும் மோந்தார். 

"பிள்ளை, இது மணக்கேல்லை."

"என்ன அண்ணை?"

"மஞ்சள் கிடக்கு. மணம் இல்லை."

நகத்தால் முத்திரையைச் சுரண்டிப் பார்த்தேன். வழுவழுவென்று தாளோடு தாளாக இருந்தது. கலர் மெசின் மஞ்சளையும் கொப்பி எடுத்துவிட்டது. முப்பத்தேழு மஞ்சள் கண்டுபிடித்த எனக்கு இந்த முப்பத்தெட்டாவது மஞ்சள் தெரியவில்லை. அண்ணையின் மற்றக் கொப்பிகளை வெளியே எடுத்து மோந்தோம். ஒன்றும் மணக்கவில்லை. ஒரிஜினல் ரோசாலியா அம்மாவிடம் போய்விட்டது.

புதுப் படிவம் கேட்டேன். யன்னலுக்குப் பின்னாலிருந்த சிஞ்ஞோரா, அந்தத் தபாலக அம்மணி, கண்ணாடியைக் கழற்றி, படிவ உறைகள் தீர்ந்துவிட்டன, திங்கட்கிழமைதான் வரும் என்றார். பன்னிரண்டரைக்கு யன்னல் மூடும் என்பதையும் சொன்னார்.  "கொழும்புக்குப் பிளேன் எத்தினை மணிக்கு?" என்றுகூட யாரிடமோ கேட்டேனாம்.

"அழுகிறதை ஏறிக்கொண்டு அழு" என்றார் அண்ணை.

சாதாரணமாக அவர் பின்னால் ஏறினால் போகவேண்டிய இடத்துக்கு மறுநாள்தான் போய்ச்சேரலாம். தெரு மூலைக்கு மூலை இருக்கும் மாதா கூடுகள் எல்லாவற்றிலும் நிறுத்தி, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பார். அன்றைக்கு ஒன்றிலும் நிற்கவில்லை. ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டே போனார். பலெர்மோ முழுக்க மாதாக்கள் திடுக்கிட்டு எழும்பியிருப்பார்கள். மலை வளைவில் மோட்டோரீனோ இரண்டு பேரைச் சுமக்க மறுத்தது. "இறங்கி ஓடு பிள்ளை!" நான் ஓட, அண்ணை எனக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நான் அவரை முந்தியும் போனேன்.

குகைக்குள் போனால் கூடை வெறுமை. சனிக்கிழமை காலையில் கூடையைச் சாக்கில் கொட்டிவிடுவார்களாம். கோயிலைக் கவனிக்கும் கிழவனார் எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் இரண்டு சாக்கைக் காட்டினார். அண்ணை முழந்தாளிட்டு முதல் சாக்கைக் கொட்டினார். காதல் கடிதங்கள், வைத்தியசாலைத் தாள்கள், பரீட்சை இலக்கங்கள். நடுவில் எங்கள் சனத்துக்காக அண்ணை போட்ட கொப்பிகள். அண்ணை ஒவ்வொன்றாக எடுத்து மோந்தார்.

"அவர் என்ன செய்கிறார்?" என்று கிழவனார் கேட்டார்.

"தேடுகிறார்."

"மூக்காலா?"

"ஓம் ஐயா."

கிழவனார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரும் பக்கத்தில் இருந்து மோக்கத் தொடங்கினார். இரண்டாவது சாக்கின் பாதியில் அண்ணை ஒரு தாளை மூக்கில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "இதுதான்" என்றார். அதை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தை எனக்குக் காட்டவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு யன்னலில் நின்றோம். சிஞ்ஞோரா தாளை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்து, தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சை விடப்போன நேரம், தாளைத் திருப்பினார்.

"இதென்ன எழுத்து?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அண்ணையின் கோணல் எழுத்து, நீல மையில்: *அம்மா, இந்தப் பிள்ளை போனால் எனக்குக் கதைக்க ஆளில்லை.*

அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா காத்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டு முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"முகவரி" என்றேன். "என்னுடைய முகவரிதான், சிஞ்ஞோரா."

அவர் சீல் குத்தினார். ரசீது வந்தது. வெளியே வந்ததும் அண்ணை ரசீதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வா, கடை பூட்டமுதல் இதை மூண்டு எடுப்பம். கறுப்பு வெள்ளையிலை" என்றார். 

நான் இருந்துவிட்டேன். அட்டை இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. பிரான்காச்சோவில் என் கமெராக்கள் எலுமிச்சம்பழம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. போனது அண்ணைதான். மகள் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். போன கிழமை போனில் ஒரே முறைப்பாடு. அங்கே எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே அனுப்பிவிடுகிறார்களாம். "மோந்து பாக்கிறதுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார். நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. நாலு மாடியும் இறங்கி வந்தால், பெர்மெஸ்ஸோ எங்கே என்று கேட்க ஒருவருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடந்தே போனேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, காயும்வரை ஊதினேன். அம்மா, அண்ணை போனதிலிருந்து எனக்குக் கதைக்க ஆளில்லை என்று எழுதினேன். கூடையில் போடுமுன் இன்னொரு வரி சேர்த்தேன்: இது ஒரிஜினல்தான், கொப்பி எடுக்கேல்லை.