தூங்கும் நிலத்தில் என் தொப்பி

அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதத்தான் ஆசை. கெண்டைக்காலில் கட்டுப் போட்டிருப்பதால் முக்கால் நலம். அத்தானின் முட்டிவலியும் உன் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"ரிடையர் ஆனவன் வீட்டுல உட்கார்ந்து எங்க உயிரை ஏன் வாங்குற? மக வீட்டுல போய் இருந்துட்டு வா" என்று பெட்டியோடு என்னை வண்டி ஏற்றியது நீ. ஆகவே நடந்ததுக்கெல்லாம் நீயே பொறுப்பு. வந்து இறங்கியதுமே மகள் சொன்னாள்: "அப்பா, மேற்குப் பக்கம் தூங்குது. அங்க போயிடாதீங்க." சம்பந்தியம்மா வீட்டு மேற்கு அறையில் யாரோ உடம்புக்கு முடியாதவர் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆயுள் முழுக்க பஸ் நிலையத்து மைக்கில் கத்திய நான், அன்று முழுவதும் பூனை மாதிரி நடந்தேன், டீயைக் கூட உறிஞ்சாமல் குடித்தேன். மனசு கேட்காமல் கதவை மெல்லத் திறந்து நலம் விசாரித்தால், உள்ளே ஆட்டுத் தீவன மூட்டைகள்!

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தூங்குவது மேய்ச்சல் நிலமாம். சம்பந்தி வீட்டார் இந்த வறண்ட பூமியின் பூர்வகுடிகள் இல்லையா? மழை வந்து புல் விதை உதிரும்வரை ஒரு பக்கத்தைத் தூங்க விட்டுவிடுவார்களாம். ஆடும் போகாது, ஆளும் போகாது. மான் குட்டி போடும், பறவை தரையிலேயே முட்டை வைக்கும். இதற்கெல்லாம் தலைவி நம் சம்பந்தியம்மாதான். இப்போது அங்கேதான் வில்லங்கம். ஆள் நடமாட்டமே இல்லாத காலி நிலம் என்று சொல்லி, வேலி போட்டு யாரோ ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். விசாரிக்க அதிகாரி வருகிறார். காலி என்று அவர் எழுதிவிட்டால் இவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கே போவார்கள், சொல்லு?

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, எல்லையில் நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "என்னம்மா, ஒரு ஈ காக்கா இல்லையே? காலியாத்தானே கிடக்கு?"

"காலி இல்லைங்க, தூங்குது" என்றார் சம்பந்தியம்மா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது அக்கா, நீ வாங்கிக் கொடுத்த தொப்பி பறந்துபோய் நிலத்துக்குள் விழுந்தது. நாலடிதானே என்று காலை வைத்தேன். புல்லுக்குள்ளிருந்து ஒரு பறவை, கோழியைவிடப் பெரிசு, முட்டையைத் திருட வந்தவன் என்று நினைத்ததோ என்னவோ, கெண்டைக்காலில் போட்டது பார் ஒரு போடு! ஐயோ அம்மா என்று வரவேண்டிய வாயில் பழக்கதோஷத்தில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று வந்துவிட்டது. அதுவும் முழுக் குரலில். அவ்வளவுதான், வெறும் புல் என்று நினைத்த இடத்திலிருந்து மான்கள் எழுந்து நின்றன. இங்கே ஒரு கூட்டம், அங்கே ஒரு கூட்டம், குட்டிகளோடு! ஏதோ பஸ்ஸை எதிர்பார்க்கிற மாதிரி எல்லாம் என்னையே பார்த்தன. அதிகாரி வாயைப் பிளந்துவிட்டார்.

நான் தொப்பியும் கையுமாக நொண்டிக்கொண்டு வந்தால், பாராட்டவா செய்தார் அந்த அம்மா? எல்லார் முன்னாலேயும், "தூங்குற நிலத்துல கால் வெச்சீங்க. மழை வர்ற வரைக்கும் இந்த எல்லையில நின்னு காவல் காக்கணும். சத்தம் போடக் கூடாது" என்று தண்டனை விதித்துவிட்டார்.

அதிகாரிக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "உங்க சம்பந்திதானேம்மா, விட்டுடுங்களேன்."

"இன்னிக்கு சம்பந்திய விட்டா நாளைக்கு உங்களையும் விடணுமே."

மகளாவது பரிந்து பேசுவாள் என்று பார்த்தேன். கட்டுப் போட்டுவிட்டு, "மாமியார் சொன்னா சொன்னதுதான்ப்பா" என்றாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பார்களே, எனக்குக் காலும் சேர்ந்து எரிந்தது. வெயிலில் நின்று கறுத்துப்போனேன். கிசுகிசுத்துக் கிசுகிசுத்து என் குரலே எனக்கு மறந்துவிட்டது. ஆகவே இதைக் கண்டதும் அத்தானைக் கூட்டிக்கொண்டு முதல் வண்டியில் வந்து, நீ போடும் ஒரு அதட்டலில் என்னை மீட்டுக்கொண்டு போகவும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு என் கண்ணீர்.

இப்படிக்கு,
உன் அப்பாவித் தம்பி

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப் போகும்போது நிலத்தைப் பற்றிய உத்தரவு வந்துவிட்டது. நிலம் இந்தப் பூர்வகுடிகள் எல்லாருக்கும் பொதுவாக, அவர்கள் பேரிலேயே! சொந்த சம்பந்தியையே தண்டிக்கும் அளவுக்கு இங்கே கட்டுக்காவல் உள்ளது என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அரசாங்கக் காகிதத்தில் நான் ஏறிவிட்டேன் அக்கா, 'அத்துமீறிய நபர்' என்று! சந்தோஷத்தில் அழுதேன், சத்தம் வராமல். இன்று காலை மழையும் பெய்து தண்டனை முடிந்தது. ஆனால் அடுத்து கிழக்குப் பக்கம் தூங்கப் போகிறது, காவலுக்கு நானே பேர் கொடுத்துவிட்டேன். அதனால் மீட்க வரவேண்டாம். சும்மா பார்க்க வந்தால் வா. எல்லைக்குள் மட்டும் காலை வைத்துவிடாதே. அக்கா என்றும் பார்க்க மாட்டேன்.