முதுகு காட்டிய படை

ஹாலில் பேப்பர் விரித்து, ஒரு கையால் கட்லட் உருட்டிக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். போர்க்கதை எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செய்கு அலாவுதீன் மச்சானுக்கு துபாய் அல் குசைஸில் துணிக்கடையில் வேலை. ஆறு நாள் சேல்ஸ்மேன். வெள்ளிக்கிழமை மட்டும் சக்கரவர்த்தி! கம்ப்யூட்டரில் குதிரைப்படை, காலாட்படை எல்லாம் இறக்கி, பக்கத்து ஃபிளாட் உமாபதியோடு சண்டை. வராந்தாவில் இரண்டு வீட்டுக்கும் வயர் ஓடும். எங்கள் மூன்று வயது மகள் நஸீஹா மம்சார் பார்க்குக்குப் போகணும் என்று எட்டு மாதமாக அழுகிறாள்.

நேற்று உமாபதியிடம் மார்தட்டினார். "நீ ஜெயிச்சா ரெண்டு குடும்பத்தையும் நானே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் ஜெயிச்சா பார்க்குங்கற பேச்சே எங்க வீட்ல கிடையாது." என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா புள்ள?" என்றார்.

"சரி மச்சான்."

இன்று காலையில் உமாபதியை அவசர டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மச்சானுக்குத் தெரியாது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். உமாபதி மனைவி வசந்தகுமாரி என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய் கம்ப்யூட்டர் நாற்காலியில் அமுக்கினாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா!"

"எட்டு மாசமா பூண்டு உரிச்சுக்கிட்டே உன் வீட்டுக்காரர் ஆட்டத்தைப் பாக்குறியே ஹாலிதா. எனக்கு எது குதிரை எது கழுதைன்னே தெரியாது. ஆடு!"

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எதிரி முதுகு தெரிந்தால் மச்சானுக்குப் பொறுக்காது. காலாட்படை நடந்து வரும்வரை காத்திருக்க மாட்டார், குதிரைகளைத் தட்டிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். சண்டையில் நான் பேசாமல் அடுப்படிக்குப் போனால் கத்திக்கொண்டே பின்னால் வருவார். வந்ததும் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்துவிடுவேன்.

ஈட்டிக்காரர்களை மரக்கூட்டத்துக்குள் ஒளித்தேன். நாலு குதிரையை அனுப்பி, முதுகு காட்டி ஓடவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். "ஓடுறான் பாரு! யல்லா, யல்லா! விரட்டு!"

மொத்தக் குதிரைப்படையும் மரக்கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம். அப்புறம், "உமாபதி! என்னா மூளைய்யா உனக்கு!"

வசந்தகுமாரி குரலை ஆம்பளை மாதிரித் தடிப்பாக்கி, "ம்ம்," என்றாள்.

தோற்றாலும் சொன்ன வாக்கு. காரை எடுக்கக் கீழே போயிருக்கிறார். நஸீஹா செருப்போடு வாசலில் நிற்கிறாள். ஜன்னல் வழியே பார்க்கிறேன், கம்பெனி வேனிலிருந்து ஹெல்மெட்டோடு உமாபதி இறங்குகிறார். மச்சான் நேராக அவரிடமே போகிறார். கை கொடுக்கிறார். அப்படியே நிற்கிறார். இப்போது படியில் தடதடவென்று சத்தம்.

"ஹாலிதா! உமாபதி காலையிலேருந்து டூட்டியிலயாமே! அப்ப அந்த ஈட்டிக்காரங்கள ஒளிச்சு வச்சது யாரு? ஏ புள்ள, இங்க வா!"

பேனாவை வைக்கிறேன். மெல்ல எழுந்து, முதுகைக் காட்டி, அடுப்படிப் பக்கம்...