சாத்தக் கூடாத கதவு

வரைபடம் போடுகிறவர்கள் மறந்துபோன ஒரு மூலையில் சீரலை நாடு இருந்தது. அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். எப்போதும் ஒருவர்தான் நிற்பார் என்பதால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வந்ததே இல்லை.

அந்த நாட்டில் மயிலாத்தா என்றொருத்தி இரண்டு எருமைகளை வைத்துப் பிழைத்தாள். ஒன்று களவு போனது. மிஞ்சியது இடக் கொம்பு ஒடிந்த மூளி. அதுவும் போனால் அடுப்பு எரியாது. ஆகவே, தெருவுக்கு ஒரு காவலாள் வேண்டும் என்று அரண்மனைக்கு மனு கொடுத்தாள். பதிலுக்கு நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு கேமரா. அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு பெட்டிக்கு வயர். பெட்டியிலிருந்து அரண்மனைத் திரைக்கு இன்னொரு வயர்.

கம்பி அதிகாரி கோதண்டம் நான்கு ஆட்களோடு வந்தார். மயிலாத்தா வீட்டுச் சுவர் கருங்கல். துளைப்பான் பாதி வரை போய் நின்றது. வேறு இடத்தில் போட்டார்கள், அங்கேயும் நின்றது. மூன்றாவது துளை மட்டும் கூரையோரத்தில் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஆனால் அங்கிருந்து பெட்டிக்கு வயர் எட்டவில்லை. கடைசியில் வயரை முன்வாசல் வழியாகவே உள்ளே இழுத்துவிட்டு, வேலை நிறைவு என்று எழுதிக்கொண்டார்கள். மற்ற வீடுகளிலும் இதே முறைதான்.

“ஏனுங்க, தொழுவம் கொல்லைப்பக்கம் இருக்குதுங்க. எருமை இதுல தெரியாதுங்களே” என்றாள் மயிலாத்தா.

“வயர் நாப்பது முழம். அரசாங்க அளவு. கூட்ட முடியாது.”

“அப்பறம் எப்பிடிங்க?”

“கேமரா எருமையைத் தேடி வராதும்மா. எருமைதான் கேமராவைத் தேடி வரணும்.”

அன்றிலிருந்து மூளி தெருவோரத்தில் முளையில் கட்டப்பட்டு வெயிலில் நின்றது. மயிலாத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புல்லுக்குப் போனால் பாதியில் திரும்புவாள், தண்ணீர் இறைத்தால் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். முதல் மழைக்குக் கூரையோரத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உமி மூட்டை நனைந்தது. அடைக்கப் போனால், துளை அரசுச் சொத்து என்றார்கள்.

மாலையானால் கேமராவில் எதிர்வெயில் பட்டு அரண்மனைத் திரை வெள்ளையாகிவிடும். கண்காணிப்பு மந்திரி பரஞ்சோதிராயர் இதை ஆராய்ந்து, சூரியனிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருந்தார். பதில் வராததால் விசாரணை நிலுவையில் இருந்தது. சிலந்திகளோ கேமராவின் முன்னால்தான் வலை கட்டின. வீட்டுக்காரர் நாளுக்கு மூன்று முறை ஏணி வைத்து ஏறித் துடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பிறகு வந்ததுதான் பெரிய சட்டம். கதவைச் சாத்தினால் இடுக்கில் வயர் நசுங்குகிறது. ஆகவே வீட்டுப் பாதுகாப்பை முன்னிட்டு இனி யாரும் கதவைச் சாத்தக் கூடாது. பறையறைந்தவன் சொல்லி முடித்ததும், தான் சொன்னதுதானா என்று ஓலையைத் திருப்பிப் படித்துப் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் காலை மயிலாத்தா ஆற்றங்கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்தபோது பராமரிப்புப் படை தெருவுக்கு வந்தது. பணியில் இருக்கும் அரசு ஊழியர் முகம் பதிவாகக் கூடாது என்பது விதி. ஆகவே கேமராவுக்கு முதலில் முத்திரையிட்ட பை ஒன்றை மாட்டினார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் பை இருந்தது, முளை இருந்தது, எருமை இல்லை.

அவள் புல்கட்டைக்கூட இறக்காமல் அரண்மனைக்கு ஓடினாள். பரஞ்சோதிராயர் ஒரு மாதப் பதிவையும் பொறுமையாக ஓட்டிப் பார்த்தார்.

“இதில் ஒரே ஒரு முகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நாளுக்கு மூன்று முறை, ஏணி வைத்து ஏறி, கேமராவுக்குள் உற்றுப் பார்க்கிறது. மிகவும் சந்தேகத்துக்குரிய முகம்.”

“அது நானுங்க! வலையத் தொடைக்க ஏறுனேனுங்க!”

“ஒப்புக்கொண்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் மந்திரி.

சொந்த எருமையைத் திருடிய சந்தேகத்தின் பேரில், தினமும் காலையில் அரண்மனைப் பின்வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது. முதல் நாளே, பின்கட்டிலிருந்து பழக்கப்பட்ட குரல் ஒன்று கத்தியது. எட்டிப் பார்த்தாள். அரண்மனைத் தொழுவத்தில், ஒடிந்த இடக் கொம்போடு மூளி நின்றிருந்தது.

“அதா, அது என்ற எருமைங்க!”

அவள் வருகையைக் குறித்துக்கொண்டிருந்த கோதண்டம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்தத் தொழுவத்துல கேமரா இல்ல. கேமராவுல தெரியாதது இந்த நாட்டுல இல்ல.”

“அங்க மட்டும் ஏனுங்க வைக்கல?”

“அரண்மனைக்குள்ள வந்து யாரும்மா திருடப் போறாங்க?”

மயிலாத்தா வீட்டுக்கு வந்தாள். எத்தனையோ நாளாகத் திறந்தே கிடந்த கதவை இரண்டு கையாலும் பிடித்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கிச் சாத்தினாள். வயர் அறுந்தது. அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கும் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு எதிர் வீடு. உச்சி வேளைக்குள் நாட்டில் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை.

அரண்மனையில் திரைகள் ஒவ்வொன்றாக இருண்டன. பரஞ்சோதிராயர் கடைசித் திரையும் இருளும்வரை காத்திருந்து, அரசரிடம் போய்ப் பணிந்தார்.

“மாமன்னா! நாடு முழுவதும் பார்த்துவிட்டேன். ஒரு திருடன்கூடத் தெரியவில்லை.”

அரசருக்குக் கண் கலங்கியது. இந்தச் சாதனையைக் காண அரண்மனை ஆட்கள் அனைவரும், காவலாளும் தொழுவக்காரனும் உட்பட, உடனே திரை மண்டபத்துக்கு வர வேண்டும் என்று நாடறியப் பறையறைய ஆணையிட்டார். எல்லாரும் இருண்ட திரைகளைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பறையைக் கேட்டிருந்த மயிலாத்தா காவலில்லாத பின்வாசல் வழியாகப் போனாள், கட்டை அவிழ்த்தாள், மூளியை நடு வீதியில் ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

மறுநாள் கோதண்டம் மூச்சு வாங்க வந்து, சாத்திய கதவைத் தட்டினார்.

“அரண்மனைத் தொழுவத்துல திருட்டு போயிருச்சு. இந்தப் பக்கம் எருமை ஓட்டிட்டு யாராச்சும் போனத நீ பார்த்தியா?”

உள்ளே பால் பீய்ச்சும் சத்தம் நிற்கவில்லை.

“நா எதுக்குங்க பார்க்கோணும்?” என்றாள் மயிலாத்தா. “அதுக்குத்தான் நீங்க கேமரா வச்சிருக்கீங்களே.”