ஃபிரிட்ஜுக்காகக் கொண்டுபோன தார்ப்பாய்

ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார என்னால் முடியாது. என் கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில்கூட, வெயில் எப்படி அடிக்கிறது என்று பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்தவன் நான். (ஐயர் முறைத்தார்.) மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறவன் வானத்தைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான். என்னுடையது கொஞ்சம் முற்றிப்போன கேஸ்.

இப்படிப்பட்டவன் போக்கர் போட்டிக்குப் போனான்.

கற்றுக்கொடுத்தவன் நண்பன் ஏழுமலை. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் சமையல் வேலை. லீவு நாளில் சீட்டுக்கட்டோடு எங்கள் உப்பளக் கொட்டகைக்கு வந்துவிடுவான். அங்கே நாங்கள் ஆடியது காசு ஆட்டம். எல்லாம் ரெண்டு ரூபாய் நாணயங்கள்தான். தீர்ந்துபோனால் பாக்கெட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துத் தொடரலாம். நடுவில் பாத்தியைப் பார்க்க எழுந்து போனால் நம்மை விட்டுவிட்டு ஆடுவார்கள். திரும்பி வரும்வரை நம் காசு வைத்த இடத்திலேயே இருக்கும். எனக்கென்றே செய்த ஆட்டம். அரைமணிக்கு நாலு தடவை எழுந்தும் ஜெயித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனம் ஏறிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம், அந்த கெஸ்ட்ஹவுஸில் போட்டி வைத்தார்கள். கட்டணம் கிடையாது. முதல் பரிசு ஃபிரிட்ஜ். என் மனைவி செல்வி மூன்று கோடையாக ஃபிரிட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஃபிரிட்ஜோடதான் வருவேன்" என்று சத்தியமே செய்துவிட்டேன். அதோடு விட்டேனா? வழியில் ஃபிரிட்ஜ் மழையில் நனையக்கூடாதே என்று, உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயைச் சுருட்டி பைக்கில் கட்டிக்கொண்டு போனேன்.

ஏழுமலை வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"டேய், இது நம்ம கொட்டாய் ஆட்டம் இல்ல. ஆரம்பத்துல காசுக்குப் பதிலா குடுக்குற வில்லை தீந்துச்சுன்னா அவ்ளோதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிதானமா ஆடு. முக்கியமா, எழுந்திரிக்காத."

"நான் பாக்காத ஆட்டமா?" என்றேன்.

கால்களை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டு என்னைத் தேடித்தேடி வந்தது. மதியத்துக்குள் இருபது பேரில் ஐந்து பேர்தான் மிச்சம். பிளாஸ்டிக் வில்லைகள் என் முன்னால்தான் அதிகம் குவிந்திருந்தன. (ஃபிரிட்ஜை அடுப்படியில் எந்த மூலையில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.) அப்போதுதான் ஜன்னல் வழியாக வடக்கே மேகம் தெரிந்தது.

கறுத்த மேகம். எங்கள் ஊர்ப்பக்கம். காலையில்தான் உப்பை வாரிக் குவித்திருந்தோம். தார்ப்பாய் என் பைக்கில் இருந்தது.

"என் வில்லையப் பாத்துக்கடா, இதோ வந்துடுறேன்" என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். அதுதான் என் "இதோ".

அங்கே செல்வி, பக்கத்து உப்பளத்தில் தார்ப்பாய் இரவல் வாங்கி, குவியலை மூடி, கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். மேகம் ஒரு சொட்டுகூட விடாமல் கடலுக்குப் போய்விட்டது.

"என்னங்க, ஃபிரிட்ஜ் எங்க? போட்டி முடிஞ்சிடுச்சா?"

"நடந்துகிட்டு இருக்குது."

"அப்ப நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

பைக்கைத் திருப்பினேன்.

போய்ப் பார்த்தால் என் இடத்தில் ஒரே ஒரு வில்லை. "யார்டா எடுத்தது?" என்று கத்தினேன்.

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். "யாரும் எடுக்கலடா. போட்டியில ஆள் இல்லன்னாலும் சீட்டு போடுவாங்க. உன் முறை வர்றப்பல்லாம் கட்டாயப் பந்தயம் வெக்கணும், அதுக்குப் பேரு பிளைண்டு. உன் குவியல்லேர்ந்து எடுத்து எடுத்து வெச்சாங்க. கால்மணிக்கு ஒருதரம் அது ஏறிகிட்டே வேற போச்சு."

அந்த ஒற்றை வில்லையும் அடுத்த சீட்டிலேயே போய்விட்டது. நான் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே தோற்றேன். ஐந்தாம் பரிசு என்று ஐஸ்கட்டி செய்கிற தட்டு ஒன்று கொடுத்தார்கள். வெட்கமாக இருந்தது. தார்ப்பாயில் சுருட்டி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஃபிரிட்ஜை அடுத்த வருடம் கடையில் வாங்கினோம். செல்வி அதில் முதலில் வைத்தது அந்தத் தட்டைத்தான்.

நேற்றுச் சாப்பிடும்போது இடி இடித்த மாதிரி இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் தட்டில் ஐந்து இட்லி இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தன.

"யாரும் எடுக்கலப்பா" என்றாள் மகள், மென்றுகொண்டே. "பிளைண்டு ஏறிடுச்சு."