கோதுமை பீருக்கு ஒன்பதரை மார்க்

இனி மரவள்ளித் தோட்டத்தில் கால் வைப்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம். ஜப்பான்காரன் ஆட்சி, அரிசிப் பஞ்சம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பூச்செடி இருந்த இடமெல்லாம் மரவள்ளி. வாரம் ஆறு நாள் செந்தூல் ரயில் பட்டறையில் கிராணி வேலை, கணக்கெழுதுவது. ஏழாம் நாள் என் மனைவி நல்லம்மாளிடம் கூலி வேலை. பட்டறை மேலதிகாரியாவது மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வார். நல்லம்மாள் அயரமாட்டாள். சங்குல் என்கிற மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, வெட்டி முடிக்கும்வரை பாத்தியின் தலைமாட்டில் நிற்பாள். பேனா பிடித்த கையில் மண்வெட்டிக் காய்ப்பு.

"இனிமேல் வெட்டமாட்டேன்." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தைரியம்தான் இல்லை. ஆனால் அது ஒரு போத்தலில் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் ஊரை விட்டு ஓடியபோது என் துரை ஒரு பெரிய போத்தலை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கோதுமையில் காய்ச்சிய கறுப்பு பீராம். கம்பி போட்ட மூடி. "ரொம்பக் கடுமை, மெதுவாகக் குடி" என்றார். அதை நான் அடுப்படிப் பரணில் ஒளித்து வைத்தேன். வீட்டிலேயே நான் எட்டிப் பார்க்காத இடம் அதுதான். அதனால் யாருமே பார்க்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

நல்லம்மாள் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்கமாட்டாள்.

அடுத்த வீட்டுப் பழனியப்பன் ஜப்பான் சண்டைக்கு முன் வெள்ளைக்காரர் கிளப்பில் பானம் ஊற்றியவன். சனிக்கிழமை சாயங்காலம் வேலியோரமாக அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கிராணியாரே, கறுப்பு பீரை அப்படியே மடக்மடக்னு குடிச்சா பாவம். ருசி பாத்து மார்க் போடணும். துரைமாருங்க நோட்டுப்புஸ்தகமே வச்சிருப்பாங்க."

"என்னென்னத்துக்கு மார்க்?"

"நிறம், நுரை, மணம், ருசி, போதை ஏத்தம். ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு. மொத்தம் பத்து."

"தைரியத்துக்கு?"

"அது ஏத்தத்திலேயே அடக்கம்."

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் நல்லம்மாள், செந்தூலில் தன் அக்காளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வருகிறேன் என்று சேலையை உதறிக் கட்டினாள். "நான் வரதுக்குள்ள ரெண்டு பாத்தி முடிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் பழனியப்பன் பின்வாசல் வழியாக வந்தான்.

கம்பியைத் தள்ளினேன். மூடி "டப்" என்றது. கண்ணாடி கிளாஸில் ஊற்றினேன்.

"நிறம்?" என்றேன், பென்சிலோடு.

அவன் கிளாஸை ஜன்னலுக்கு நேரே பிடித்தான். "எருமைக் கறுப்பு. ரெண்டு."

"நுரை?"

"அப்பப்பா! கிளப்பில்கூட இப்படி நின்னு பாத்ததில்ல. ரெண்டு."

"மணம்?"

கண்ணை மூடி இழுத்தான். "கோதுமை வயல்."

"நீ கோதுமை வயல் பாத்திருக்கியா?"

"இல்ல. ஆனா இது அதுதான். ரெண்டு."

நானும் முகர்ந்தேன். எனக்கும் வயல் தெரிந்தது. ருசி பார்த்தோம். முதலில் கருகிய ரொட்டி, பிறகு கருப்பட்டி, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு.

"அந்தக் கசப்புதான் உசந்த சரக்குக்கு அடையாளம்" என்றான் பழனியப்பன். "ஐஸ் இல்லாததால ஒன்றரை."

இரண்டாவது கிளாஸில் எனக்குக் காது சூடானது. மூன்றாவதில் கால் துவண்டது. ஏத்தத்துக்கு நானே இரண்டு மார்க் போட்டேன். மொத்தம் ஒன்பதரை.

"இப்ப சொல்லிப் பாருங்க கிராணியாரே. நான்தான் நல்லம்மா தங்கச்சின்னு வச்சுக்குங்க."

நான் எழுந்து நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

"ஏய் நல்லம்மா! நான் ரயில்வே கிராணி! உன் தோட்டக் கூலி இல்ல! சங்குலைத் தூக்கிக் கிள்ளான் ஆத்துல போடு! வேணும்னா உங்க அக்காளக் கூட்டியாந்து வெட்டச் சொல்லு!"

"சபாஷ்!"

"நான் உக்காந்திருப்பேன். நீ டீ போட்டுக் குடு!"

"போடறேன்" என்றது ஒரு குரல்.

வாசலில் நல்லம்மாள். பின்னால், பழனியப்பனின் மனைவி சந்திரகலா, கைக்குழந்தையோடு. இரண்டு பேரும் இவ்வளவு நேரமும் அடுத்த வீட்டில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறாயுசு" என்பார்கள்.

நல்லம்மாள் கத்தவில்லை. அதுதான் பயம்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் போதையில பேசினதா, தெளிவோட பேசினதா? போதைன்னா நான் பெரிசு பண்ணமாட்டேன். தெளிவோடன்னா, நாம உக்காந்து பேசவேண்டியிருக்கும்."

தைரியம் எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை. ஆனால் புத்தி வேலை செய்தது.

"போதைதான் நல்லம்மா. முழுப் போதை. நிக்கக்கூட முடியல, பாரு."

"எதக் குடிச்சு?"

"துரை குடுத்த கறுப்பு பீர்."

"அதையா?" என்று திரும்பினாள். "சந்திரா, நீ சொல்லு."

சந்திரகலா தரையைப் பார்த்தாள். "மாசியில புள்ள பெத்துப் படுத்திருந்தேன்லக்கா, ரத்தமே இல்லன்னு. கறுப்பு பீர் குடுத்தா ஒடம்பு தேறும்னு மருத்துவச்சி சொன்னா. நீங்கதான் பரண்லேருந்து எடுத்துக் குடுத்தீங்க. ஏழு நாள், அரை அரைத் தம்ளர்."

"என் வீட்டிலயா?" பழனியப்பன் பாயில் நிமிர்ந்தான். "எனக்குத் தெரியாமலா?"

"கஷாயம்னு சொன்னேன். நீங்க மோந்துகூடப் பாத்தீங்களே. வேப்பம்பட்டைன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் கிளாஸைப் பார்த்தேன். "அப்ப இது?"

"வேலியோரம் நீங்க பேசினது கேட்டுச்சு" என்றாள் நல்லம்மாள். " காலையில மரவள்ளியக் கருக வறுத்து, கொதிக்க வச்சு, கருப்பட்டி போட்டு, அந்தக் காலிப் போத்தல்ல ஊத்தி வச்சேன்."

"நுரை நின்னுச்சே தங்கச்சி!" பழனியப்பன் கடைசி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு பூந்திக்கொட்டை தட்டிப் போட்டேன் அண்ணே. தலைக்குத் தேய்க்க வச்சிருந்தது."

நாக்கின் அடியில் அந்த உசந்த சரக்கின் கசப்பு இன்னும் இருந்தது. பழனியப்பன் வெளியே ஓடினான். துப்புகிற சத்தம் கேட்டது.

நான் மெதுவாகச் சந்திரகலாவிடம் கேட்டேன். "நெசமான பீர் எப்படிம்மா இருந்துச்சு?"

"சகிக்கல அண்ணே. பத்துக்கு ரெண்டு போடலாம்."

"ஆகக்கூடி" என்றாள் நல்லம்மாள், "நீங்க குடிச்சது கிழங்குத் தண்ணி. அப்ப பேசினதெல்லாம் தெளிவோடதான்."

"இல்ல நல்லம்மா! சத்தியமா தலை சுத்துது!"

அவள் கதவுக்குப் பின்னால் கையை விட்டுச் சங்குலை எடுத்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தாள்.

"பாவம், நெசமாத்தான் சுத்துது போல. அப்ப உக்காந்துக்கிட்டே வெட்டுங்க."

சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கு உண்மையாகவே கால் நிற்கவில்லை. இரண்டு பாத்தியையும் உட்கார்ந்துகொண்டேதான் வெட்டினேன்.