இடி விழுந்த மரத்தின் கரண்டி

பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட இரண்டு ஆள் தூரம் தள்ளி நிற்கிற ஊர் அது. அந்த ஊரே அன்று மன்றக் கூடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. பின்லாந்தில் கூட்டம் சேர வேண்டுமானால் ஒன்று இலவசக் காப்பி ஊற்ற வேண்டும், இல்லையேல் அற்புதம் நடக்க வேண்டும். நோய் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த தாவெத்தி கெட்டிக்காரர், இரண்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

அற்புதம் என்பது ஒரு மரக்கரண்டி. இடி விழுந்த மரத்தில் செதுக்கியதாம். வாயில் வைத்தால் நோயை உறிஞ்சிவிடுமாம். விலையைச் சொன்னால் உங்கள் வாயும் கசக்கும்.

இர்மேலிக்கு ஏற்கெனவே கசந்துகொண்டுதான் இருந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. இன்னும் இளைத்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். வெண்ணெய், பாலாடை என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொல்லியிருந்தார்.

போன மாதக் கூட்டத்தில் தாவெத்தியின் கரண்டியை வாயில் வைத்ததும் ஆணி காணாமல் போனது. இர்மேலி அழுதேவிட்டாள். அதன்பின் அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. வெண்ணெயும் பாலும் ரொட்டியும் நோய்க்குத் தீனி, செந்தட்டிக் கஷாயம் மட்டும் குடி என்றார். ஆக, ருசி திரும்பிவிட்டது, ருசித்துத் தின்னத்தான் ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டிப்போனது.

தங்கை அவுனேவுக்கு வயிறு எரிந்தது. இந்தமுறை கூட்டத்துக்கு ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமோடு வந்தாள். அக்காவின் கண்ணைத் துண்டால் கட்டினாள்.

“வாயத் திறக்கா.”

“ஐஸ்கிரீம் ஆகாதுடி. அவரு சொல்லியிருக்காரு.”

“மூணு வாயில உன் நோய் ஒண்ணும் கொழுத்துடாது. திற.”

முதல் வாய் நன்றாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு முகம் சுளித்தாள். “தூ, ஆணி.”

முதலில் ஊட்டியது தெய்வீகக் கரண்டியால். இரண்டாவது, காப்பி மேசையில் கிடந்த கலக்குகிற மரக்குச்சியால். மூன்றாவது எஃகுக் கரண்டி. மருந்து ஏற்றிக்கொண்ட பலருக்கு உலோகம் பட்டால் வாய் கசக்கும், மரமோ பிளாஸ்டிக்கோ எதுவானாலும் போதும், இடியும் வேண்டாம் மின்னலும் வேண்டாம் என்று அவுனே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

தாவெத்தி அசரவில்லை. “கூடம் முழுக்க சக்தி பரவிக் கிடக்கும்மா. அது குச்சிக்கும் ஏறிடுச்சு.”

“அப்படியா? இதுக்கும் கொஞ்சம் ஏத்துங்க.” எஃகுக் கரண்டியை அவருடைய பெட்டிக்குள், விற்பனைக்கு இருந்த மரக்கரண்டிகளுக்கு நடுவே புதைத்தாள். அவர் ஒரு கோப்பைக் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எடுத்து ஊட்டினாள்.

“ஆணியேதான்,” என்றாள் இர்மேலி.

யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அந்த ஊரில் அது புரட்சி. தாவெத்தி தன் கோட்டைத் தேட ஆரம்பித்தார்.

இர்மேலி கண்கட்டை அவிழ்த்துவிட்டு, மரக்குச்சியால் மிச்ச ஐஸ்கிரீமை வழித்துத் தின்றாள். வெண்ணெய் தடவிய ரொட்டி ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும், ஆனாலும் அந்தக் கரண்டியில் ஏதோ சக்தி இருந்திருக்கும் என்று முனகினார்.

இர்மேலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நானாவது மருந்து ஏத்திக்கிட்டவ, நாக்கு மரத்துப்போச்சு. ஒரு மருந்தும் ஏத்திக்காத உங்களுக்கு மூளை எப்படி மரத்துச்சு?”